தோல்விகளை எடுத்துரைக்கும் சபை

ஒரு பாடசாலையின் காலைக் கூட்டத்திலே ஒரு மாணவன் இருமினான். இன்றைய எனது பேச்சு அந்த இருமலிலே தொடங்குகின்றது. அது சென்று சேரும் இடமோ, இலண்டன் மாநகரிலே 1953ஆம் ஆண்டு தோன்றிய ஒரு வைத்தியர் சங்கத்தின் வருடாந்த மகாநாடு. ஒரு சிறுவனின் இருமலுக்கும் கடல் கடந்து கூடும் சத்திரசிகிச்சை நிபுணர்களின் மகாநாட்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். அத்தொடர்பை நான் அறிந்துகொண்ட விதத்தை முதலிற் கூறிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் அதிபராக இருந்த பாடசாலையிலே ஆறாந் தரத்திற்கு ஒரு சிறுவன் புதிதாக வந்து சேர்ந்தான். மெலிந்த உடம்பு, கூரிய அறிவு. ஆனால், தேவாரம் பாடும் வேளையிலும், அறிவித்தல்கள் வாசிக்கும் வேளையிலும் அவனிடமிருந்து ஓர் இருமல் எழும். நாய் குரைப்பது போன்ற, மண்டபமெங்கும் எதிரொலிக்கும் வறண்ட இருமல். அதைக் கேட்டதும் மற்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். இடைவேளையிலும் அவன் கடைசியாகவே உண்டு முடிப்பான். ஒவ்வொரு கவளத்திற்கும் ஒரு மிடறு நீர் அருந்துவான். மணி அடித்த பின்னரும் உணவுப் பெட்டியை மூடமாட்டான். இவை யாவும் குறும்பு என்றே நான் எண்ணினேன். இரண்டு முறை எச்சரித்தேன். மூன்றாம் முறை, கூட்டம் முடியும்வரை அவனை மண்டபத்திற்கு வெளியே தனியாக நிற்கச் செய்தேன்.

மறுநாட் காலை அவனுடைய தாயார் என் அறைக்கு வந்தார். கோபித்துப் பேசவில்லை. மகனைத் திரும்பி நிற்கச் சொல்லி, சட்டையைச் சற்று உயர்த்திக் காட்டினார். வலது தோட்பட்டை எலும்பின் கீழே, முதுகிலிருந்து விலாப்பக்கமாக வளைந்து செல்லும் நீண்ட தழும்பொன்று இருந்தது. “ஐயா, இவன் பிறந்து இரண்டாம் நாள் வெட்டித் தைத்த இடம் இது. இந்த இருமல் இவன் வேண்டுமென்று செய்வதில்லை. இவன் உயிரோடு இருப்பதற்கு அடையாளம் என்றே நாங்கள் அதைக் கேட்டு வருகிறோம்” என்றார்.

நான் கலைப் பட்டதாரி, உடற்றொழிலியல் கற்றவனல்லன். எனினும் அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கம் என்னை நூல்களைத் தேடச் செய்தது. தேடி அறிந்தவற்றையே இங்கு கூறுகின்றேன்.

நம் பாடநூல்களிலே களம் என்று குறிப்பிடப்படும் உணவுக்குழாய் வாயையும் இரைப்பையையும் இணைப்பது. அதன் முன்னே மூச்சுக்குழாயாகிய வாதனாளி செல்கின்றது. தாயின் வயிற்றிலே கரு உருவாகும் முதல் வாரங்களில் இவ்விரண்டும் ஒரே குழாயாகத் தோன்றிப் பின்னர் பிரிகின்றன. ஏறத்தாழ 3500 பிறப்புகளுள் ஒன்றிலே இந்தப் பிரிவு செம்மையாக நிகழ்வதில்லை. பெரும்பாலான இத்தகைய குழந்தைகளில் களத்தின் மேற்பகுதி ஒரு பைபோல மூடிக்கொள்கின்றது. கீழ்ப்பகுதி வாதனாளியோடு சென்று இணைகின்றது. குழந்தைக்குத் தன் உமிழ்நீரைக்கூட விழுங்க முடியாது. வாயிலும் மூக்கிலும் நுரை தள்ளும். அறியாமற் பாலூட்டினால் அது நுரையீரலைச் சென்றடையும். இரைப்பையின் அமிலமும் கீழ்வழியாக நுரையீரலுக்கு ஏறும். வாய்வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தினால் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றரில் அது தடைப்பட்டு நின்றுவிடும். வைத்தியர்கள் இந்நோயை ஐயுறுவதற்கு அந்தத் தடையே சான்றாகின்றது.

இக்குறைபாட்டின் இந்த வகையை இங்கிலாந்திலே தோமஸ் கிப்சன் என்னும் வைத்தியர் 1697இல் தெளிவாக எழுதிவைத்தார். அதன் பின்னர் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக, இக்குறைபாட்டை அறிந்தவர்கள் இருந்தும், காப்பாற்றத் தெரிந்தவர் எவரும் இருக்கவில்லை. 1939இல் அமெரிக்காவிலே லெவன் என்பவரும், பொஸ்ரன் நகரத்து வில்லியம் லாட் என்பவரும், ஒருவரையொருவர் சாராது, பல கட்டங்களாகச் சத்திரசிகிச்சை செய்து ஒவ்வொரு குழந்தையைப் பிழைக்கவைத்தனர். களத்தின் இரு முனைகளையும் ஒரே முறையில் நேராக இணைத்து முதலில் வெற்றி கண்டவர் மிச்சிகன் மாநிலத்து கமரன் ஹெயிற். அவர் 1941ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே பிறந்து 12 நாளான ஒரு பெண் குழந்தைக்கு அச்சிகிச்சையைச் செய்தார். அதற்கு முன்னர் அவர் முயன்ற குழந்தைகள் பிழைக்கவில்லை. அம்முயற்சிகளை அவர் மறைக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நமது பேச்சுக்கு அது முக்கியமானது.

இனி ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 3500 பிறப்புகளுக்கு ஒன்று என்றால், ஆண்டுக்கு 5000 பிரசவங்கள் நிகழும் ஒரு பெரிய வைத்தியசாலையிலே இத்தகைய குழந்தை ஒன்றோ இரண்டோதான் பிறக்கும். அங்குள்ள ஒரு நிபுணர் தமது முப்பதாண்டுச் சேவையில் ஏறத்தாழ நாற்பது குழந்தைகளையே காண்பார். ஓர் ஆசிரியர் ஆண்டுக்கு ஒரே ஒரு மாணவனுக்கு மாத்திரம் கற்பித்தால், தம் கற்பித்தல் முறை நன்றா தீதா என்பதை எவ்வாறு அறிவார்? பிழைத்த குழந்தை தமது கைத்திறத்தாற் பிழைத்ததா, தன் உடல்வலியாற் பிழைத்ததா என்று அந்த நிபுணரால் அறிய முடியாது. இறந்த குழந்தை எதனால் இறந்தது என்பதையும் உறுதியாகக் கூற முடியாது. பல ஊர்களிலே சிதறிக் கிடக்கும் இந்தச் சிறு சிறு அனுபவங்களை ஓரிடத்தில் கொண்டுவந்து கொட்டி ஒப்பிட்டாலன்றி, இத்துறையிலே அறிவு வளர வழியில்லை.

இத்தேவையிலிருந்தே பிரித்தானியக் குழந்தைச் சத்திரசிகிச்சையாளர் சங்கம் 1953இல் பிறந்தது. அதன் முதற் தலைவர் டெனிஸ் பிரௌண். அவுஸ்திரேலியாவிலே பிறந்து, இலண்டன் கிரேற் ஓர்மண்ட் வீதிச் சிறுவர் வைத்தியசாலையிலே பணியாற்றியவர். குழந்தைகளுக்குச் செய்யும் சத்திரசிகிச்சையையே தமது வாழ்நாட் பணியாக வரித்துக்கொண்டவர். அந்த வைத்தியசாலை 1852இல் பத்துக் கட்டில்களோடு தொடங்கப்பெற்றது. சங்கம் தோன்றிய அதே 1953ஆம் ஆண்டில், லிவர்பூல் நகரிலே புதிதாய்ப் பிறந்த சிசுக்களின் சத்திரசிகிச்சைக்கென்றே தனிப் பிரிவொன்றை பீற்றர் றிக்கம் அமைத்தார். குழந்தைகளின் சத்திரசிகிச்சையைத் தம் ஏகபோக உரிமையாக்கிக்கொள்வது சங்கத்தின் நோக்கமாகாது, யார் செய்தாலும் எட்டவேண்டிய ஒரு தரத்தை வகுத்துக் காட்டுவதே நோக்கம் என்னும் கருத்து பிரௌணுடையது என்பர்.

குழந்தைக்கென்று தனித்துறை எதற்கு, வளர்ந்தவருக்குச் செய்வதைச் சிறிய கருவிகளாற் செய்தால் ஆகாதா என்று அக்காலத்திற் பலர் கேட்டனர். மூன்று கிலோகிராம் நிறையுள்ள ஒரு சிசுவின் உடலில் ஓடும் இரத்தம் முழுவதும் ஏறத்தாழ 250 மில்லிலீற்றர். நாம் தேநீர் அருந்தும் பெரிய குவளை ஒன்றிலே அடங்கிவிடும் அளவு அது. வளர்ந்தவருக்குப் பொருட்படுத்தத் தகாத சில கரண்டி இரத்த இழப்பு அச்சிசுவுக்குப் பேரிழப்பாகும். குளிர்ந்த அறையிலே அதன் உடல் வெப்பம் சடுதியாகக் குறையும். நீரும் உப்பும் மருந்தும் துளிக்கணக்கில் அளந்து கொடுக்கப்படவேண்டும். கத்தியைப் பிடிக்கும் கை எத்துணை தேர்ந்ததாயினும், மயக்கமருந்து கொடுப்பவரும், இரவு முழுவதும் விழித்திருக்கும் தாதியும் சிசுவின் உடலை அறிந்தவர்களாக இல்லாவிடின் அக்குழந்தை பிழையாது.

இச்சங்கம் ஆண்டுதோறும் மகாநாடு கூட்டுகின்றது. பெரும்பாலும் பிரித்தானிய நகரங்களிலும், சில ஆண்டுகளிற் பிற நாடுகளிலும் அது நடைபெறும். அங்கே ஒருவர் பேசுவதற்குச் சில நிமிடங்களே அளிக்கப்படும். அதற்குள், இன்ன நோயோடு இத்தனை குழந்தைகள் வந்தனர், இன்ன முறையைக் கையாண்டோம், இத்தனை பேர் பிழைத்தனர், இத்தனை பேர் இறந்தனர், இத்தனை பேருக்கு இன்ன சிக்கல் நேர்ந்தது என்று கூறிவிட வேண்டும். உரை முடிந்ததும் சபையிலிருந்து வினாக்கள் எழும். எத்தனை ஆண்டுகள் அக்குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தீர்கள்? வராமற்போன பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களையும் பிழைத்தவர் கணக்கிற் சேர்த்தீர்களா? வயதிலே மூத்த பேராசிரியராயினும் இவ்வினாக்களிலிருந்து தப்ப முடியாது. இத்துறையிலே பெரும்பணி ஆற்றியோருக்கு டெனிஸ் பிரௌண் பெயராலே தங்கப்பதக்கமும் வழங்கப்படுகின்றது. அந்தப் பதக்கத்தினும் இந்த வினாக்களே குழந்தைகளுக்குப் பெரும் பயன் விளைத்தன என்பது என் எண்ணம்.

எப்படி என்று ஓர் உதாரணத்தாற் காட்டுகின்றேன். கிரேற் ஓர்மண்ட் வீதி வைத்தியசாலையின் டேவிட் வாற்றர்ஸ்ரனும் அவருடைய துணைவரும், களம் மூடிப் பிறந்த 218 குழந்தைகளின் கணக்கை 1962இல் வெளியிட்டனர். மொத்தத்தில் இத்தனை பேர் பிழைத்தனர் என்று கூறிப் பெருமைப்பட்டு நிறுத்தாமல், குழந்தைகளை மூன்று கூட்டமாகப் பிரித்தனர். ஐந்தரை இறாத்தலுக்கு மேற்பட்ட நிறையும் நல்ல உடல்நிலையும் உடைய முதற் கூட்டத்தில் 100க்கு 95 பேர் பிழைத்தனர். நிறை சற்றுக் குறைந்த, அல்லது மிதமான நுரையீரல் அழற்சியோ வேறொரு குறைபாடோ உடைய இரண்டாங் கூட்டத்தில் 68 பேர். நிறை மிகக் குறைந்த, அல்லது கடுமையான நோயும் குறைபாடும் உடைய மூன்றாங் கூட்டத்திலோ 6 பேரே பிழைத்தனர்.

நூற்றுக்கு ஆறு என்னும் எண்ணைத் தம் பெயரோடு அச்சிற் பதிப்பிக்க எத்தகைய மனம் வேண்டும் என்று எண்ணிப்பாருங்கள். ஆனால் அந்த எண் வெளிவந்த பின்னர், உலகில் இச்சிகிச்சையைச் செய்யும் நிபுணர்களுக்கு ஒரு பொதுவான அளவுகோல் கிடைத்தது. நலிந்த குழந்தைகளை இழந்தவரையும், வலிய குழந்தைகளை மட்டும் காப்பாற்றியவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கும் தவறு நீங்கியது. எந்தக் கூட்டத்துக் குழந்தைகளுக்காக இனி உழைக்கவேண்டும் என்பதும் தெளிவாயிற்று. 1994இல் அதே வைத்தியசாலையின் லூயிஸ் ஸ்பிற்சும் அவருடைய துணைவரும் புதியதொரு வகுப்பு முறையை வெளியிட்டனர். 1500 கிராமுக்கு மேற்பட்ட நிறையோடு, பெரிய இதயக் குறைபாடின்றிப் பிறந்தவர்களில் 97 சதவீதத்தினர் பிழைத்தனர். இவ்விரு இடர்களுள் ஒன்று மட்டும் இருந்தவர்களில் 59 சதவீதத்தினரும், இரண்டும் ஒருங்கே இருந்தவர்களில் 22 சதவீதத்தினரும் பிழைத்தனர். நுரையீரல் அழற்சி என்னும் பழைய இடர் அட்டவணையிலிருந்தே நீங்கிவிட்டதைக் கவனியுங்கள். முன்கூட்டியே நோயை அறிதலும், சிசுக்களுக்கான தீவிர பராமரிப்பும் அதை வென்றுவிட்டன.

கணக்கை வெளிப்படையாக ஒப்பிடாவிடின் என்ன நேரும் என்பதற்கும் அதே நாட்டிலேயே சான்று உண்டு. பிறிஸ்ரல் நகரத்து வைத்தியசாலை ஒன்றிலே குழந்தைகளின் இதய சத்திரசிகிச்சை பற்றி நடைபெற்ற பகிரங்க விசாரணையின் அறிக்கை 2001இல் வெளியாயிற்று. 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 30 முதல் 35 பேர் வரை, அக்காலத்து ஏனைய நிலையங்களில் எதிர்பார்க்கத்தக்க அளவினும் கூடுதலாக இறந்தனர் என்று அது கண்டது. அங்கே மயக்கமருந்து நிபுணராக இருந்த ஸ்ரீபன் பொல்சின் இக்குறையை முன்னரே எடுத்துக் கூறியிருந்தார். அவருடைய சொல் நெடுங்காலம் ஏற்கப்படவில்லை. அங்கிருந்தோர் குழந்தைகளுக்குத் தீங்கு நினைத்தவர்களல்லர். தங்கள் பெறுபேறுகளைப் பிறரோடு நேர்மையாக ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் அங்கே வேரூன்றவில்லை. இன்று அந்நாட்டிலே குழந்தைகளின் இதய சத்திரசிகிச்சைப் பெறுபேறுகள் ஒவ்வொரு நிலையத்திற்கும் தனித்தனியே பகிரங்கமாக வெளியிடப்படுகின்றன.

இத்தகைய மகாநாடுகளுக்கு ஒரு குறையும் உண்டு. விமானச் செலவும் விடுமுறையும் கிடைக்கப்பெற்றோரே அங்கு செல்ல முடியும். எங்கே குழந்தைகள் மிகுதியாக இறக்கின்றனவோ, அங்குள்ள நிபுணர், தாம் ஒருவரே பெரியதொரு மாகாணத்திற்குப் பொறுப்பாக இருக்கையில், நோயாளரை விட்டுப் புறப்பட இயலாது. இக்குறையை நீக்கும் பொருட்டு, வறிய நாட்டு நிபுணரையும் சேர்த்துக்கொண்டு குழந்தைச் சத்திரசிகிச்சைக்கான உலக முன்முயற்சி என்னும் அமைப்பு 2016இல் இலண்டனிலே தொடங்கப்பெற்றது. பின்னர் 74 நாடுகளைச் சேர்ந்த 264 வைத்தியசாலைகளின் நிபுணர்கள் ஒன்றுகூடித் தத்தம் கணக்குகளை ஓரிடத்திற் சேர்த்தனர். பிறவியிலே வரும் ஏழு வகைக் குறைபாடுகளோடு வந்த 3849 குழந்தைகளின் விபரம் அது, 2021இல் வெளியாயிற்று. செல்வ நாடுகளில் இறந்தோர் 5.6 சதவீதம். நடுத்தர வருமான நாடுகளில் 20.4 சதவீதம். வறிய நாடுகளில் 39.8 சதவீதம். குடல் வயிற்றுக்கு வெளியே தள்ளிப் பிறக்கும் ஒரு குறைபாட்டிலே வேற்றுமை இன்னும் கொடியது: செல்வ நாடுகளில் 1.4 சதவீதம், வறிய நாடுகளில் 90 சதவீதம். குழந்தை ஒன்றே, குறைபாடும் ஒன்றே. பிறந்த இடம் மட்டும் வேறு. தாமதமின்றிக் கொண்டுசெல்லும் வண்டி, செயற்கைச் சுவாசம், நாளம் வழியாகக் கொடுக்கும் போசணை, பயிற்சிபெற்ற தாதியர் என்பனவே இடையில் நிற்கின்றன. இந்த எண்களை ஒருவரும் திரட்டியிராவிட்டால், அந்தந்த ஊர்ப் பெற்றோர் விதியை நொந்துகொண்டு அமைதியடைந்திருப்பார்கள்.

நேயர்களே, இனி அந்தச் சிறுவனிடம் திரும்புவோம்.

பிழைத்தார்களா, இறந்தார்களா என்பதே முன்னாளில் மகாநாடுகளின் முதல் வினாவாக இருந்தது. பெரும்பாலோர் பிழைக்கத் தொடங்கியதும் வேறொரு வினா எழுந்தது: பிழைத்த குழந்தை எப்படி வாழ்கின்றது? இவ்வினாவை எழுப்பியதில் பெற்றோருக்கும் பங்குண்டு. களம் மூடிப் பிறந்த குழந்தைகளின் பெற்றோர் 1982இல் பிரித்தானியாவிலே தமக்கெனச் சங்கம் அமைத்தனர். வீட்டிலே தாம் கண்டவற்றை அவர்கள் எழுதினார்கள், வைத்தியர்கள் செவிசாய்த்தார்கள். வாதனாளியோடு களம் இணைந்திருந்த இடத்தின் சுவர் மென்மையாக இருப்பதால், சத்திரசிகிச்சைக்குப் பின்னரும் பல ஆண்டுகளுக்கு அந்தக் குரைக்கும் இருமல் இருக்கும் என்பதும், அது பிறருக்குத் தொற்றும் நோயன்று என்பதும் தெளிவாயின. இணைத்துத் தைத்த களம் உணவைச் செவ்வனே கீழே தள்ளாது. ஆதலால் அப்பிள்ளைகள் மென்று, நீரருந்தி, மெதுவாக உண்ணவேண்டும். சிலருக்கு இணைத்த இடம் சுருங்கினால் அதை மீண்டும் விரிக்கவேண்டும். வளர்ந்த பின்னரும் வைத்தியக் கண்காணிப்பு வேண்டும். இவை யாவும் இன்று இத்துறை மகாநாடுகளிலே ஆராயப்படும் பொருள்களாகிவிட்டன.

அவ்வாறாயின், என் பாடசாலையிலே ஒரு சிறுவன் இடைவேளையிற் கடைசியாக உண்டு முடித்ததன் காரணத்தை உலகம் முன்னரே அறிந்து எழுதிவைத்திருந்தது. அவனை வெளியே நிறுத்திய அதிபர் ஒருவர்தான் அறியவில்லை.

ஆசிரியர்களாகிய எமக்கும் மகாநாடுகள் உண்டு. மலர்மாலையும் மங்கள விளக்கும் உண்டு. நாம் மேடையேறி என்ன கூறுகிறோம்? எமது பாடசாலையில் இத்தனை பேர் சித்தியடைந்தனர், இத்தனை பேர் பல்கலைக்கழகம் புகுந்தனர் என்கிறோம். இத்தனை பேர் இடையில் நின்றுவிட்டனர், இன்ன பிள்ளையை நான் தவறாக விளங்கிக்கொண்டேன் என்று கூறும் ஒருவரையும் நான் கண்டதில்லை, நானும் கூறியதில்லை. எங்கள் கையிலே எவரும் இறப்பதில்லை. ஆதலால் எங்கள் தோல்விகள் சத்தமின்றி வீட்டுக்குப் போய்விடுகின்றன.

அடுத்து நடந்த அதிபர்கள் கூட்டத்திலே, பெறுபேறுகளைப் பற்றிப் பேசவேண்டிய நேரத்தில், இந்த இருமலின் கதையை நான் எழுந்து கூறினேன். சபையிலே சற்று நேரம் அமைதி நிலவியது. சிலர் கீழே பார்த்தனர். பின்னர், ஓய்வுபெறும் வயதை அணுகிய ஓர் அதிபர் அம்மையார் எழுந்தார். செவிப்புலன் குறைந்த ஒரு பெண்பிள்ளையைச் சொற்கேளாதவள் என்று எண்ணி இரண்டாண்டுகள் பின்வாங்கில் இருத்தியதைக் கூறினார். அவருக்குப் பின்னர் இன்னொருவர். அன்று நிகழ்ச்சிநிரல் முடியவில்லை. ஆனால், பிள்ளைகள் சேரும்போது அவர்களுடைய உடல்நிலை பற்றிப் பெற்றோரிடம் தனியாகக் கேட்டு எழுதிவைக்கவேண்டும், அதை வகுப்பாசிரியருக்கு அறிவிக்கவேண்டும் என்று அக்கூட்டம் தீர்மானித்தது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்குச் சிறுவயதிற் சத்திரசிகிச்சை ஏதும் நடந்திருந்தால், வெட்கமென்று மறைக்காமல் பாடசாலைக்கு அறிவித்துவிடுங்கள். ஆசிரியர்களே, ஒரு பிள்ளை மற்றவர்போல் நடக்காதிருந்தால், தண்டிக்கு முன்னர் காரணத்தைக் கேளுங்கள். கேட்காமல் தண்டித்துவிட்டீர்களாயின், அதை அடுத்த ஆசிரியருக்குக் கூறுங்கள், அவராவது கேட்பார்.

அந்தச் சிறுவன் இப்போது உயர்தர வகுப்பிலே படிக்கின்றான். காலைக் கூட்டத்திலே சில நாட்களில் இன்னும் அந்த இருமல் கேட்கும். இப்போது எவரும் சிரிப்பதில்லை. தேவாரம் பாடுகிறவர்கள் ஒரு கணம் நிறுத்தி, மீண்டும் தொடர்கிறார்கள்.